ஜனவரியில் வெயில் அடிக்கிற ஊர்

ஜூன் 9

அன்புள்ள அம்மா,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போனை எடுத்தால் நீ "சாப்பிட்டியா" என்பாய், நான் "சாப்பிட்டேன்" என்பேன். பின்னால் இவர் இருமும் சத்தம் கேட்டால் போதும், "சரி சரி, கடையில ஆள் நிக்குது" என்று வைத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமைகூடவா அம்மா உன் தையல் கடையில் ஆள் நிற்கிறது?

விஷயம் இதுதான். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டரும் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார். ஜனவரி நடுவில் என்கிறார்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வெளியே வந்தால் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. நான் வேலை பார்ப்பது துணி திருத்தும் கடையில் என்று சொன்னேன் அல்லவா? இங்கே ஒரே ஆளுக்கு இரண்டு அளவு. சட்டைக்கு ஓர் அளவு. அந்தச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட ஓர் அளவு. "போன வருஷம் சரியா இருந்துச்சு, இப்ப பத்தல" என்று கோட்டோடு வந்து நிற்கிறார்கள். நாள் முழுக்க அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீடுதான் ஒத்துவரவில்லை. மூன்றாவது மாடி, மேலே தகரக் கூரை. குளிரை அப்படியே தலையில் இறக்குகிறது. வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் அழுகை வருகிறது.

அம்மா, பிரசவத்துக்கு நீ வர வேண்டும். இவர் ஆறு மாதம் என்று உன்னிடம் சொல்லிக் கூட்டிவந்துவிட்டு, இந்த ஊர் வேலைக்கு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டது தப்புதான். எனக்கே போட்ட பிறகுதான் சொன்னார். நீ போனிலேயே, "உங்க மூணாவது மாடி வாசலை இந்தக் கால் மிதிக்காது, மெஷின் மேல கை வெச்சு சொல்றேன்" என்று கத்தினாய். இவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்படியே இருங்க" என்றார். இரண்டு பேருக்கும் கோபம் வரும்போது நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் அப்படியேதான் நிற்கிறேன். வருவாயா?

உன் மகள்

ஜூலை 2

அடியே,

நல்ல செய்தியை யாராவது "விஷயம் இதுதான்" என்று கரண்டு பில் மாதிரி எழுதுவார்களா? வாசித்த கையோடு தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடைக்குக் கை இரண்டையும் உள்வெளி மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். நம் கடைக்குப் பட்டன் துளை போட வருகிறாளே காஜாக்காரி, அவள் பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்தப் பையன் சட்டைய உள்பக்கமா போடுவானா?" என்றாள். சொன்னேன். அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது.

நான் வருவதற்கில்லை. காரணத்தைக் கேட்டுக்கொள். குளிர். ஜூன் மாதமே உனக்கு ஐந்து மணிக்கு இருட்டி, வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் என்றால் ஜனவரியில் என்ன கதி? இங்கே ஜூனில் கத்தரிக்கோலை எடுத்தால் கை சுடுகிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே ஜனவரி வந்தால் விடிகாலையில் போர்வை தேடுகிறோம். அப்படியென்றால் உன் ஊர் ஜனவரியில் ஆள் உயிரோடு நடமாடுமா? என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நான் கட்டை மாதிரி விறைத்துப் போவேன். அப்புறம் பிள்ளையைப் பார்ப்பாயா, என்னைப் பார்ப்பாயா?

பிள்ளைக்கு வேண்டியதை நான் தைத்து அனுப்புகிறேன். வெளித்துணி பருத்தி, நடுவில் பஞ்சு, உள்ளே மெத்தென்று லைனிங். காது மூடும் தொப்பியும் உண்டு. நீ ஒன்றும் வாங்காதே. கடையில் விற்கிறதெல்லாம் தையல் வெளியே தள்ளி, பிள்ளை தோலைக் கீறும்.

மாடிப்படியில் ஓடாதே. உன் வீட்டுக்காரரைத் தண்ணீர் தூக்கிவரச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

அம்மா

ஜூலை 27

அன்புள்ள அம்மா,

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. அப்புறம் பயமும் வந்தது. அம்மா, இங்கே ஜனவரி கோடை! காலமெல்லாம் நம் ஊருக்கு நேர் எதிர். உனக்கு வெயில் கொளுத்தும்போது எனக்குக் குளிர். உனக்குப் போர்வை தேடும் நேரத்தில் எனக்கு வெயில். உன்னிடம் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை பார். நீயே கணக்குப் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டாய்.

இதுதான் இங்கே குளிரின் உச்சம். எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிறது. குழாயைத் திறந்து கை நீட்டினால் விரல் யாருடையதோ மாதிரி ஆகிவிடுகிறது. காலையில் கார் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும், ஆட்கள் அட்டையால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். நம் ஊரில் வெயிலோ மழையோ வெளியே நடக்கிற விஷயம். உள்ளே வந்து கதவைச் சாத்தினால் முடிந்தது. இங்கே குளிர் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்த நேரமும் அதைப் பற்றியே யோசிக்க வேண்டியிருக்கிறது. கதவு இடுக்கில் துணி வைத்தோமா, மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோமா என்று. நேற்று கட்டிலை மூன்று இடம் மாற்றிப் பார்த்தேன். இவர் லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து களைத்து வந்து, "வீட்டுக்குள்ள பஸ்ஸு விடுறியா?" என்று கேட்டார்.

ஜனவரியில் இதெல்லாம் இருக்காது. உன் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இவர்தான் ஆபீசில் லீவு போட்டு அலைந்து வாங்கிவந்தார்.

குளிர் என்ற சாக்கு போயிற்று. இப்போது சொல். குளிர்தான் காரணமா?

உன் மகள்

ஆகஸ்ட் 25

அடியே,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாள்தான் பார்சலை அனுப்பினேன். ஐந்து பஞ்சுக் கோட்டு, மூன்று தொப்பி, கால் உறைகள். காஜாக்காரி சிரித்த சிரிப்புக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். "அக்கா, புள்ளைய அவிச்சு எடுக்கவா தைச்சீங்க?" என்கிறாள். இருக்கட்டும் அவளுக்கு.

காலத்தையே தலைகீழாக மாட்டிவைத்திருக்கிற ஊருக்கு என்னை ஏன் கூப்பிடுகிறாய்? வெயிலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் பறந்து வரவேண்டும்? அது இங்கேயே என் கடை வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. இந்த மாதம் காற்றும் சேர்ந்துகொண்டது. வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கிறது, மேலே கத்தரியையும் இஸ்திரிப் பெட்டியையும் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன். வாயெல்லாம் புழுதி.

இதை எழுதிவிட்டுக் காஜாக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். "குளிருன்னு சொன்னீங்க, இப்ப வெயிலுன்னு சொல்றீங்க. அடுத்து என்னக்கா, மழையா?" என்று கேட்டாள். அவளிடம் மாட்டிக்கொண்டேன். அதனால் உனக்கு உள்ளதைச் சொல்கிறேன்.

மெஷின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டேன். உன் அப்பா போன பிறகு உனக்குச் சோறு போட்டது இந்த மெஷின். இந்தத் தெருவில் சொன்ன தேதிக்குத் துணி தருகிற தையல்காரி நான் ஒருத்திதான். என் வார்த்தை வார்த்தைதான் என்று ஊரே நம்புகிறது. அதை மெஷின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டு மீறினால், நாளைக்கு யாரிடம் "வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்" என்று சொல்வேன்? அவரும், "கோபத்துல சொல்றீங்க அத்தை, வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அப்படியே இருங்க என்றார். இருக்கிறேன்.

நீ கோபித்துக்கொள்ளாதே. கீரை சாப்பிடு.

அம்மா

செப்டம்பர் 30

அம்மா,

பார்சல் வந்தது. உன் கடிதமும் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் பிரித்திருக்கக் கூடாது.

இங்கே குளிர் விட்டுவிட்டது. மரமெல்லாம் துளிர்க்கிறது, எல்லாரும் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. இந்தக் காலத்துக்கே ஒரு நிலை கிடையாது. காலையில் கோட்டு, மத்தியானம் வெறும் சட்டை, சாயங்காலம் மழை, ராத்திரி மறுபடி கோட்டு. ஒரே நாளில் நாலு காலமும் வந்து போகிறது. மகரந்தத் தூள் பறந்து கண் எரிகிறது. கடையில் கோட்டு கொடுத்தவர்கள் எல்லாம் இப்போது கவுனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் மட்டும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன்.

உன் வார்த்தை பெரிது. தெருவில் போகிற யார் யாருக்கோ கொடுத்த தேதியை ஒருநாள்கூட நீ தவறவிட்டதில்லை. எனக்கு ஜனவரியில் ஒரு தேதி இருக்கிறது. அதுவும் தேதிதானே அம்மா?

இவர் உன்னோடு பேசுகிறேன் என்று போனை எடுத்தார். நான்தான் பிடுங்கி வைத்தேன். நீ அவர் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய், அவர் முகம் செத்துப் போகும், அதையும் நான்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தெம்பு இல்லை.

வரமுடியாவிட்டால் வராதே. இந்த ஊர்ப் பெண்கள் அம்மா இல்லாமல் பெறவில்லையா என்ன? பக்கத்து வீட்டு டீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

கோட்டுகள் அழகாக இருக்கின்றன. அதனால் வேறு கோபம் வருகிறது.

உன் மகள்

நவம்பர் 4

அம்மாடி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. துவைத்த துணி காய்வதே இல்லை, நூல்கூட ஈரம் ஏறி அறுந்து அறுந்து போகிறது. கடைக்குள் ஒழுகுகிறது என்று மெஷினைச் சுவரோரம் தள்ளினேன். அங்கேயும் ஒழுகியது. கதவுப் பக்கம் இழுத்தேன். சாரல். எங்கே வைத்தாலும் அதற்கு ஒரு வினை வருகிறது. நேற்று அதைப் பார்த்து, "உன் மேல கைய வெச்சதுதான் தப்பு" என்று வாய்விட்டுத் திட்டிவிட்டேன். அளவு கொடுக்க வந்த பெண் மிரண்டு போய் ஒரு அடி பின்னால் நின்றாள்.

எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு சட்டைக்குப் பை வைக்க மறந்தேன். இன்னொன்றுக்கு ஒரே பக்கம் இரண்டு பை. முதல்முறையாகச் சொன்ன தேதிக்குத் தரமுடியாமல், "திங்கட்கிழமை வாங்க" என்றேன். வந்தவர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை.

யாரந்த டீச்சர்? பிள்ளை பெற்றவரா? வலி வந்தால் முதுகை எங்கே தேய்ப்பது என்று அவருக்குத் தெரியுமா? உனக்கு இடுப்புக்கு மேலே தேய்த்தால் பிடிக்காது, சின்னதிலிருந்தே அப்படி. அதை அவரிடம் சொல்லிவை.

உன் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று நீ எழுதவே இல்லை. குளிரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய். தகரக் கூரை என்றாயே, குளிரை இறக்குகிற தகரம் வெயிலை என்ன செய்யும்? எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. உடனே எழுது.

அம்மா

டிசம்பர் 5

அன்புள்ள அம்மா,

நீ கேட்டது சரிதான். தகரம் வெயிலையும் இறக்கியது.

இந்த வெயில் நம் வெயில் மாதிரி இல்லை. நம் ஊரில் வியர்த்துக் கொட்டும். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் உயிர் வந்துவிடும். இங்கே வியர்க்கவே வியர்க்காது. காற்று வறண்டு, வியர்வை வருவதற்கு முன்னாலேயே குடித்துவிடுகிறது. உதடு வெடிக்கிறது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு ஓடிப்போன சூரியன் இப்போது ராத்திரி சாப்பிட்ட பிறகும் போவதாக இல்லை. போன மாதம் ஒருநாள் மத்தியானம் வேலையிலிருந்து வந்து மாடி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர்தான் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். பயப்படாதே, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார். ஆனால், "அந்த வீட்டுல இனிமே இருக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இவர் வேலைக்குப் போகாமல் தெருத்தெருவாக அலைந்தார். பத்து நாளில் வீடு மாறிவிட்டோம். பின்தெருவில், தரைத்தளம். இரண்டே அறை. ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம், நாள் முழுக்க நிழல். கல் தரை, காலை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. ஒரு படிகூட ஏற வேண்டாம்.

சாமான் இறக்கி முடித்த அன்றைக்கு இவர் செய்த காரியத்தைக் கேள். வாசல் கதவுக்குப் பெயின்ட் வாங்கிவந்து அடித்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. "வாடகை வீட்டுக் கதவுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டேன். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அத்தை மிதிக்க மாட்டேன்னு சொன்னது மூணாவது மாடி வாசலை. இது வேற வாசல். நான் 'அப்படியே இருங்க'ன்னு சொன்னதும் அந்த வீட்டுலதான். அதையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டதை முதல்ல அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்னு எழுது" என்றார். இதை எழுதச் சொன்னதே அவர்தான். எழுதிவிட்டேன்.

அம்மா, நான் செப்டம்பரில் எழுதியதெல்லாம் பொய். டீச்சர் நல்லவர்தான், ஆனால் எனக்கு நீ வேண்டும். பிள்ளை உதைக்கும்போதெல்லாம் கதவைப் பார்க்கிறேன். பெயின்ட் காய்ந்துவிட்டது. இன்னும் அந்த வாசலை வெளியாள் யாரும் மிதிக்கவில்லை. இவர் டீச்சரைக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிவருகிறார்.

உன் மகள்

டிசம்பர் 19

அம்மாடி,

உன் கடிதத்தைக் காஜாக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "வேற வாசல்" என்ற இடத்திலேயே எழுந்து போய் மெஷினுக்கு உறையை மாட்டிவிட்டாள். "இன்னும் ஏன்க்கா உக்காந்திருக்கீங்க?" என்று என்னைத்தான் அதட்டுகிறாள்.

நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது மூன்றாவது மாடி என்றுதான். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். தரைத்தளம் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமானால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ, நீயே சாட்சி.

பாஸ்போர்ட் ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டேன். விசாவும் வந்து பெட்டிக்குள் கிடக்கிறது. ஏன் எடுத்தாய் என்று கேட்காதே. கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எடுத்தேன். டிக்கெட் நேற்றுப் போட்டாயிற்று. இதற்குப் பதில் எழுதாதே. உன் பதில் இங்கே வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.

அந்தப் பஞ்சுக் கோட்டுகளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. வெயில் முடிந்து ஜூன் வந்தால் பிள்ளைக்கு ஐந்தாவது மாதம். பிறந்த பிள்ளைக்கு என்றுதான் வெட்டினேன், ஆனால் நான் எந்தத் துணிக்கும் தையலுக்குள் இரண்டு விரல் துணி கூடுதலாக விடாமல் தைத்ததில்லை. உள்ளே திருப்பிப் பார், தெரியும். பிரித்து விட்டால் ஜூனுக்குச் சரியாக இருக்கும். பிரிப்பதற்கு நான் அங்கே இருப்பேன். கடையை அதுவரைக்கும் காஜாக்காரி பார்த்துக்கொள்வாள்.

புது வாசலுக்குத் திரை போட வேண்டும். நல்ல கனத்த துணி எடுத்திருக்கிறேன், வெயிலுக்கும் தாங்கும், உன் குளிருக்கும் தாங்கும். வெட்டாமல் அப்படியே கொண்டுவருகிறேன். அங்கே வந்து வெட்டிக்கொள்ளலாம்.

கதவு உயரமும் அகலமும் மாப்பிள்ளையை அளந்து வைக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

அம்மா